பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை மட்டும் ஏன் தலைகீழாக்குகிறோம்?

சதுரத்தாள் (கேள்வி)

வணக்கம். 3/4 ÷ 2/3 என்றால் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்; 3/4 × 3/2 = 9/8. இந்த விதி தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "ஏன்?" என்று வந்தால்தான் திணற வேண்டியிருக்கிறது.

இரண்டாவதை மட்டும் ஏன் திருப்ப வேண்டும், முதலாவதைத் திருப்பினால் என்ன? வகுத்தால் எண் சிறியதாகத்தானே ஆக வேண்டும், 3/4-ஐ வகுத்தபின் அதைவிடப் பெரிய 9/8 எப்படி வருகிறது? இந்த இரண்டும்தான் முதன்மையானவை.

இன்னும் மூன்று சில்லறைச் சந்தேகங்கள். 2 1/3 ÷ 1 3/4 போன்ற கணக்கில் முழு எண்ணை முழு எண்ணாலும், பின்னத்தைப் பின்னத்தாலும் தனித்தனியே வகுத்தால் விடை ஏன் தப்பாகிறது? கால்குலேட்டரில் 3/4/2/3 என்று அடித்தால் 0.125 வருகிறது, 1.125 வரவில்லையே? கடைசியாக, 3 1/2 மீட்டர் நாடாவை 3/4 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் 4 2/3 என்று கணக்கு சொல்கிறது. அளந்து பார்த்தால் 4 துண்டு போக அரை மீட்டர்தான் மிச்சம். 2/3 சரியா, 1/2 சரியா?

எல்லாவற்றுக்கும் ஒருவரே பதில் சொல்ல வேண்டும் என்றில்லை.

வெண்கட்டி

"ஏன்" என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெறும் எண்ணாக வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. ஒரு நிகழ்வுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஒரு குழாய் 2/3 மணி நேரத்தில் தொட்டியில் 3/4 பங்கு நிரப்புகிறது. அதே வேகத்தில் 1 மணி நேரத்தில் எவ்வளவு நிரப்பும்? 2 மணி நேரத்தில் 10 வாளி என்றால் ஒரு மணிக்கு 10 ÷ 2 என்று யோசிக்காமலே போடுகிறோம். அதே வகுத்தல்தான் இதுவும்: 3/4 ÷ 2/3.

2/3 மணி என்பது இரண்டு 1/3 மணி. ஆகவே ஒரு 1/3 மணியில் நிரம்புவது 3/4-இல் பாதி, அதாவது 3/8. ஒரு முழு மணிக்கு மூன்று 1/3 மணி. 3/8 × 3 = 9/8.

இதில் நடந்த வேலை இரண்டே இரண்டு. வகுத்தியின் தொகுதியான 2-ஆல் வகுத்தோம், வகுத்தியின் பகுதியான 3-ஆல் பெருக்கினோம். 3/2-ஆல் பெருக்குவது என்றாலும் இதே இரண்டு வேலைதான். தலைகீழாக்குவது தந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு படிகளை ஒரே படியாக எழுதும் சுருக்கம். 3/4 என்பது கையில் இருக்கும் அளவு, அதைத் திருப்ப எந்தக் காரணமும் இல்லை. "எத்தனை மணி நேரத்துக்கு" என்று சொல்லும் எண்ணை ஒன்றாக்குவதுதான் நோக்கம். அதனால் அதன்மேல்தான் வேலை நடக்கிறது.

விடை பெரிதாவதும் இதிலேயே தெரிந்துவிடும். 40 நிமிடத்தில் 3/4 தொட்டி நிரம்பினால் 60 நிமிடத்தில் அதைவிட அதிகம் நிரம்பத்தானே வேண்டும்? (9/8 தொட்டி என்பதால் தண்ணீர் வழியும், அது வேறு விஷயம்.) வகுத்தி 1-ஐவிடச் சிறியது என்றால் விடை முதல் எண்ணைவிடப் பெரிது, வகுத்தி 1-ஐவிடப் பெரியது என்றால் விடை சிறிது. 3/4 ÷ 4/3 போட்டுப் பாருங்கள், 9/16 வரும், 3/4-ஐவிடக் குறைவு. "வகுத்தால் குறையும்" என்பது 1-ஐவிடப் பெரிய எண்களோடு மட்டும் பழகியதால் வந்த பழக்கம். அதைப் பிள்ளை விடும்வரை விதியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 6 ÷ 3, 6 ÷ 2, 6 ÷ 1, 6 ÷ 1/2, 6 ÷ 1/3 என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: 2, 3, 6, 12, 18. வகுத்தி சுருங்கச் சுருங்க விடை வளர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கேயே பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 6-ஐ அரையால் வகுப்பது 12. 6-ஐ இரண்டாக வகுப்பது 3. வாக்கியக் கணக்கில் "பாதியாகப் பிரி" என்று வந்தால் வகுத்தி 2, 1/2 அல்ல.

அளவுகோல்

வெண்கட்டி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வேகம், நேரம் எல்லாம் சுற்றுவழி. பகுதியைச் சமமாக்குவதே நேர்வழி. கூட்டல் கழித்தலுக்கு அந்தப் பிள்ளை ஏற்கெனவே அதைச் செய்து பழகியிருக்கும்.

3/4 ÷ 2/3. பகுதிகளின் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) 12. ஆக 9/12 ÷ 8/12. பன்னிரண்டில் ஒரு பங்கை ஓர் அலகாக நினைத்துக்கொண்டால், இது "9 அலகுக்குள் 8 அலகு எத்தனை முறை?" என்ற கேள்வி. 9 ÷ 8 = 9/8. முடிந்தது. யாரும் எதையும் திருப்பவில்லை.

ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: அந்த 12 விடையில் வராது. கூட்டலில் 9/12 + 8/12 = 17/12 என்று பகுதி கீழே நிற்கும். வகுத்தலில் இரண்டுக்கும் அலகு ஒன்றே என்பதால் அது அடிபட்டுப் போகிறது. 9 மீட்டரை 8 மீட்டரால் வகுத்தால் விடையில் மீட்டர் இருக்காது அல்லவா, அதுபோல. கூட்டல் பழக்கத்தில் விடைக்குக் கீழே மறுபடி 12 போடுவதுதான் இந்த முறையில் நடக்கும் பெரிய தவறு.

இனி அந்த 9-உம் 8-உம் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 9 = 3 × 3, அதாவது முதல் தொகுதி × இரண்டாம் பகுதி. 8 = 2 × 4, அதாவது இரண்டாம் தொகுதி × முதல் பகுதி. ஆக விடை (3 × 3)/(4 × 2). இதைத்தான் 3/4 × 3/2 என்று எழுதுகிறோம். தலைகீழாக்கும் விதி பகுதியைச் சமமாக்குவதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இப்படி நாலைந்து கணக்கு போட்டால் பிள்ளையே "12 எதற்கு, குறுக்கே பெருக்கினால் போதுமே" என்று கேட்கும். அப்போது விதியைச் சொல்லலாம்.

இந்தப் பார்வை வந்துவிட்டால் சில கணக்குகளுக்கு எழுதவே தேவையில்லை. பகுதிகள் சமமாக இருந்தால் தொகுதிகளை வகுத்தால் போதும்: 5/7 ÷ 2/7 = 5/2. தொகுதிகள் சமமாக இருந்தால் பகுதிகள் இடம் மாறி நிற்கும்: 3/5 ÷ 3/8 = 8/5.

அடுத்து நாடா. 3 1/2 ÷ 3/4 = 14/4 ÷ 3/4 = 14 ÷ 3. ஈவு 4, மீதி 2. இந்த மீதி 2 என்ன அலகில் இருக்கிறது? மீட்டரும் இல்லை, துண்டும் இல்லை, கால் மீட்டர். இரண்டு கால் மீட்டர் என்றால் அரை மீட்டர். அதுதான் நீங்கள் அளந்து பார்த்த மிச்சம். 4 2/3-இல் இருக்கும் 2/3 ஒரு துண்டில் 2/3. ஒரு துண்டு 3/4 மீட்டர்; 2/3 × 3/4 = 1/2 மீட்டர். ஆக இரண்டும் சரி. ஒன்று மீட்டரில், மற்றது துண்டில் சொல்லப்பட்டிருக்கிறது. வகுத்தலின் விடை எப்போதும் வகுத்தியை ஓர் அலகாக வைத்துத்தான் பேசும்.

வாக்கியக் கணக்கில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து இதே வகுத்தலுக்கு நான்கு விடை உண்டு. முழுத் துண்டு எத்தனை என்றால் 4. மிச்சம் எவ்வளவு என்றால் 1/2 மீட்டர். 3 1/2 லிட்டரை 3/4 லிட்டர் குப்பிகளில் ஊற்ற எத்தனை குப்பி வேண்டும் என்றால் 5. எத்தனை மடங்கு என்றால் 4 2/3. "மிச்சம் 2/3 மீட்டர்" என்று எழுதுவதுதான் அடிக்கடி மதிப்பெண் போகும் இடம். 4 × 3/4 = 3; 3 + 2/3 என்பது 3 1/2 ஆகாது என்று ஒரு வரியில் சரிபார்த்துவிடலாம்.

குறுக்குக்கோடு

கால்குலேட்டர் பக்கம் மட்டும்.

3/4/2/3 என்று அடித்தால் அது இடமிருந்து வலமாகப் போகும்: 3 ÷ 4 = 0.75, அதை 2-ஆல் வகுத்தால் 0.375, அதை 3-ஆல் வகுத்தால் 0.125. கருவி உண்மையில் கணக்கிட்டது 3/(4 × 2 × 3), அதாவது 3/24. "2/3 என்பது ஒரே எண்" என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது பின்னத்துக்கு அடைப்புக்குறி கட்டாயம்: 3/4/(2/3) = 1.125. முதலாவதுக்குப் போடாவிட்டாலும் விடை மாறாது. அடைப்புக்குறி இல்லாத சாதாரணக் கால்குலேட்டர் என்றால் 3 ÷ 4 ÷ 2 × 3 என்று அடியுங்கள். வெண்கட்டி சொன்ன இரண்டு படிகள் அப்படியே. பின்னப் பொத்தான் உள்ள அறிவியல் கால்குலேட்டரில் அந்தப் பொத்தானால் போட்ட பின்னம் ஒரே எண்ணாகத்தான் உள்ளே போகும், அங்கே இந்தச் சிக்கல் வராது. எக்செல் கட்டத்தில் வெறுமனே 3/4 என்று எழுதினால் அது தேதியாக மாறிவிடும்; =(3/4)/(2/3) என்று சமக்குறியோடு எழுதுங்கள்.

0.125, 1.125 இரண்டையும் பார்த்து "ஒரு 1 விட்டுப்போச்சு" என்று நினைக்க வேண்டாம், அது தற்செயல். தவறான விடை சரியான விடையைவிட எத்தனை மடங்கு சிறியது என்றால், வகுத்தியின் பகுதியின் வர்க்கம் மடங்கு. இங்கே பகுதி 3, ஆகவே 9 மடங்கு: 0.125 × 9 = 1.125. 5/6 ÷ 1/2-ஐ அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் 0.4166... வரும், சரியான விடை 1.6666..., 4 மடங்கு.

தசமமாக்கி வகுப்பதிலும் கவனம். 1/3 ÷ 2/7 = 7/6, அதாவது 1.1666... ஆனால் 0.33 ÷ 0.29 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிட்டு வகுத்தால் 1.14 அளவில் வரும். பின்னமாகவே கடைசிவரை கொண்டுபோய், வேண்டுமானால் கடைசியில் தசமமாக்குங்கள்.

அடுக்கி வரும் வகுத்தலுக்கும் இதே இடமிருந்து வலம்தான். 1/2 ÷ 1/3 ÷ 1/4 = 1/2 × 3 × 4 = 6. முதல் எண்ணைத் தவிர ÷ குறிக்குப் பின்னால் வருபவை எல்லாம் திரும்பும். பின்னால் இருக்கும் 1/3 ÷ 1/4-ஐ முதலில் செய்தால் 3/8 வரும், அது தப்பு. 3/4 ÷ 2/3 × 2/3 என்று இருந்தாலும் அப்படியே: விடை 3/4. பெருக்கலை முதலில் முடித்து 4/9-ஆல் வகுத்தால் 27/16, அதுவும் தப்பு.

சிவப்புமை

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விடையைப் பார்த்தே எங்கே தவறியது என்று சொல்லிவிடலாம். 3/4 ÷ 2/3-க்கு 8/9 வந்தால் முதல் பின்னத்தைத் திருப்பியிருக்கிறார்கள். சரியான விடையின் தலைகீழிதான் கிடைக்கும். 1/2 வந்தால் எதையுமே திருப்பவில்லை, வெறுமனே பெருக்கியிருக்கிறார்கள். 2 வந்தால் இரண்டையும் திருப்பியிருக்கிறார்கள். சோதனைக் கணக்குக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கும் வெவ்வேறாக வருகிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது. 1/2 ÷ 1/2 கொடுத்தால் இரண்டில் எதைத் திருப்பினாலும் 1 வரும், தவறு தெரியாது.

கலப்பு பின்னத்துக்கு வருகிறேன். 2 1/3 ÷ 1 3/4: முதலில் இரண்டையும் தகா பின்னமாக்குங்கள். 7/3 ÷ 7/4 = 7/3 × 4/7 = 4/3 = 1 1/3. தனித்தனியே வகுத்தால் 2 ÷ 1 = 2, 1/3 ÷ 3/4 = 4/9, மொத்தம் 2 4/9. இது சரியா என்று விதியே இல்லாமல் மதிப்பிடலாம்: 2 1/3-க்குள் 1 3/4 இரண்டு முறைகூடப் போகாது, இரண்டு 1 3/4 சேர்ந்தால் 3 1/2 ஆகிவிடும். ஆக 2-க்கு மேல் விடை வர வழியே இல்லை.

கலப்பு பின்னத்தை அப்படியே திருப்புவதும் நடக்கும்: 1 3/4-ஐ 1 4/3 என்று. 1 3/4-இன் தலைகீழி 4/7. ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் பெருக்கினால் 1 வர வேண்டும், இதுவே சோதனை. முழு எண்ணால் வகுக்கும்போது அந்த முழு எண்ணுக்குக் கீழே 1 போட்டுவிடுங்கள்: 5/6 ÷ 10 = 5/6 ÷ 10/1 = 5/6 × 1/10 = 1/12.

இப்போது எல்லாரும் விடும் முக்கியமான இடம்: திருப்புவதற்கு முன்பே குறுக்கே அடிப்பது.

4/9 ÷ 3/8. பெருக்கலில் செய்வதுபோல் 4-ஐயும் 8-ஐயும் குறுக்கே அடித்தால் 1/9 ÷ 3/2 ஆகும், விடை 2/27. சரியான விடை 4/9 × 8/3 = 32/27. ÷ குறி இருக்கும்வரை குறுக்கே அடிக்கக் கூடாது. திருப்பி × போட்ட பிறகு குறுக்கே அடிக்கலாம். அப்போது 4-உம் 8-உம் இரண்டும் தொகுதியில் நிற்கும், அடிக்க முடியாது என்று தானாகத் தெரிந்துவிடும்.

÷ குறி இருக்கும்போதே சுருக்கியே ஆக வேண்டும் என்றால் நேருக்கு நேர் அடிக்கலாம்: தொகுதியைத் தொகுதியோடு, பகுதியைப் பகுதியோடு. 4/9 ÷ 8/3: மேலே 4, 8 இரண்டையும் 4-ஆல் சுருக்கினால் 1, 2, கீழே 9, 3 இரண்டையும் 3-ஆல் சுருக்கினால் 3, 1. ஆக 1/3 ÷ 2/1 = 1/6. இது முறையானது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமும் சொன்னால் கலந்துவிடுவார்கள். "முதலில் திருப்பு, பிறகு அடி" என்ற ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரத்தாள்

மிக்க நன்றி. நாடாவும் கால்குலேட்டரும் தெளிந்துவிட்டன. மேலே வந்ததை ஒட்டி மூன்று கேள்வி.

2/27, 32/27 இரண்டுக்கும் 16 மடங்கு வித்தியாசம் வருகிறதே, அடித்தது 4-ஆல்தானே? 6 3/4 ÷ 3 என்ற கணக்கில் 6 ÷ 3 = 2, 3/4 ÷ 3 = 1/4, மொத்தம் 2 1/4 என்று பிரித்துப் போட்டால் சரியாகவே வருகிறது; பிரிக்கக் கூடாது என்றீர்களே? மூன்றாவது, பின்னத்துக்கு மேல் பின்னம், அதிலும் கூட்டல் கழித்தல் எல்லாம் சேர்ந்து வந்தால் எங்கே தொடங்குவது?

அளவுகோல்

முதல் கேள்விக்கு: 4-ஐ 1 ஆக்கியதால் முதல் பின்னம் 4 மடங்கு சிறுத்தது. 8-ஐ 2 ஆக்கியதால் வகுத்தி 4 மடங்கு பெருத்தது. சிறுத்ததைப் பெருத்ததால் வகுத்தால் 4 × 4 = 16 மடங்கு குறையும். பெருக்கலில் ஒன்று சிறுத்தால் மற்றது பெருத்து ஈடுகட்டும், அதனால்தான் அங்கே குறுக்கே அடிக்க அனுமதி. வகுத்தலில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு: வகுபடும் எண்ணைப் பிரிக்கலாம், வகுத்தியைப் பிரிக்கக் கூடாது. 6 3/4 மீட்டரை முதலில் 6 மீட்டராகவும் பிறகு 3/4 மீட்டராகவும் வெட்டினாலும் மொத்தத் துண்டு மாறாது. வகுத்தி பின்னமாக இருந்தாலும் இது செல்லும்: 6 3/4 ÷ 3/2-ஐ 6 ÷ 3/2 = 4, 3/4 ÷ 3/2 = 1/2, மொத்தம் 4 1/2 என்று போடலாம். ஆனால் வகுத்தி 1 3/4 என்றால், ஒவ்வொரு துண்டும் 1 3/4. பாதிச் சரக்கை 1-ஆலும் மீதியை 3/4-ஆலும் வெட்டுவது வேறு கணக்கு. வகுத்தி கலப்பு பின்னம் என்றால் மறுபேச்சு இல்லாமல் தகா பின்னமாக்குங்கள்.

பெருங்கோடு

பின்னத்துக்கு மேல் பின்னம் வந்தால் முதலில் எது பெரிய கோடு என்று பாருங்கள். 3, 4, 5 மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்து, 4-க்குக் கீழே உள்ள கோடு நீளம் என்றால் அது (3/4) ÷ 5 = 3/20. 3-க்குக் கீழே உள்ள கோடு நீளம் என்றால் 3 ÷ (4/5) = 15/4. இரண்டு கோடும் ஒரே நீளத்தில் எழுதியிருந்தால் அந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். கையெழுத்தில் நீளக் கோட்டைச் சமக்குறியின் நேருக்கு எழுதும் பழக்கம் இதற்காகத்தான்.

கூட்டல் கழித்தல் சேர்ந்து வரும்போது பலர் மேலே தனியாக, கீழே தனியாகச் சுருக்கிப் பிறகு திருப்புவார்கள். செய்யலாம், நீளும். நான் சொல்வது: உள்ளே இருக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே மீ.சி.ம எடுத்து, மேலேயும் கீழேயும் அதனால் பெருக்கிவிடுங்கள். (1/2 + 1/3) ÷ (3/4 − 1/6) என்பதில் பகுதிகள் 2, 3, 4, 6; மீ.சி.ம 12. மேலே 6 + 4 = 10, கீழே 9 − 2 = 7. விடை 10/7. உள்ளே இருந்த குட்டிப் பின்னங்கள் எல்லாம் ஒரே அடியில் காணாமல் போய்விடும். ஒவ்வோர் உறுப்பையும் 12-ஆல் பெருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். தனியாக ஒரு 1 நின்றால் அதுவும் 12 ஆகும். அதை விட்டுவிடுவதுதான் இந்த முறையின் வழக்கமான பிழை.

செய்யவே கூடாதது: கூட்டலைத் தனித்தனியாகத் திருப்புவது. (1/2 + 1/3)-இன் தலைகீழி 2 + 3 அல்ல. முதலில் கூட்டி 5/6 ஆக்கி, பிறகு திருப்பினால் 6/5.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தொகுதியைத் தொகுதியால், பகுதியைப் பகுதியால் வகுக்கக் கூடாது" என்று பல இடங்களில் கண்டிப்பாகச் சொல்லித்தருகிறார்கள். தவறு. தாராளமாக வகுக்கலாம். 8/15 ÷ 2/3: 8 ÷ 2 = 4, 15 ÷ 3 = 5, விடை 4/5. திருப்பிப் பெருக்கினாலும் 24/30 = 4/5. சிக்கல் என்னவென்றால் எண்கள் எப்போதும் இப்படி மீதியின்றி வகுபடாது. 3/4 ÷ 2/5-க்கு மேலே 3/2, கீழே 4/5 என்று மறுபடி பின்னத்துக்கு மேல் பின்னம் வந்து நிற்கும். மதிப்பு சரிதான், பார்க்கத்தான் அலங்கோலம். சீராக வர வேண்டுமானால் முதல் பின்னத்தின் மேலும் கீழும் 2 × 5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 30/40 ÷ 2/5 = 15/8. ஒரு மாணவர் இந்த வழியில் சரியான விடை கொண்டுவந்தால் அடித்துவிடாதீர்கள்.

குறை எண்ணுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பும்போது குறி மாறாது. −3/4-இன் தலைகீழி −4/3. பூச்சியத்தை எந்தப் பின்னத்தால் வகுத்தாலும் (அது பூச்சியமாக இல்லாதவரை) பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது, அதற்குத் தலைகீழி இல்லை. வகுத்தி 0/5 என்று வேஷம் போட்டு வந்தாலும் அதே கதைதான்.

சிவப்புமை

பயிற்சிக்குச் சில. ஒவ்வொன்றிலும் ஒரு பொறி வைத்திருக்கிறேன், விடையைப் பார்க்குமுன் 1-ஐவிடப் பெரிதா சிறிதா என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள்.

அ) 5/8 ÷ 15/16
ஆ) 7/9 ÷ 14
இ) 12 ÷ 3/5
ஈ) 4 1/6 ÷ 1 2/3
உ) −7/10 ÷ 21/25
ஊ) 5 1/4 லிட்டரை 2/3 லிட்டர் குப்பிகளில் ஊற்றினால் நிரம்பிய குப்பி எத்தனை, கடைசிக் குப்பியில் எத்தனை லிட்டர்?
எ) (1 − 1/4) ÷ (1/2 + 1/8)

விடைகள்: அ) 2/3. ஆ) 1/18. இ) 20. ஈ) 2 1/2, 4 1/4 வந்தால் தனித்தனியே வகுத்திருக்கிறார்கள். உ) −5/6. ஊ) வகுத்தால் 7 7/8, நிரம்பியவை 7, கடைசியில் 7/12 லிட்டர். 7/8 லிட்டர் என்று வந்தால், 2/3 லிட்டர் குப்பிக்குள் அது எப்படிக் கொள்ளும் என்று கேளுங்கள். எ) 6/5.

சரிபார்க்க ஒரே வழி போதும்: விடையை வகுத்தியால் பெருக்கினால் முதல் எண் திரும்பி வர வேண்டும். அ-வுக்கு 2/3 × 15/16 = 30/48 = 5/8.

சதுரத்தாள்

எல்லாம் சரியாக வந்தன, எ மட்டும் 7 1/2 என்று வந்திருக்கிறது. படிகளில் 3/4 × 10 என்று எழுதியிருக்கிறது.

பெருங்கோடு

1/2-ஐ 2 ஆகவும் 1/8-ஐ 8 ஆகவும் தனித்தனியே திருப்பிக் கூட்டியிருக்கிறார்கள், அதுதான் அந்த 10. முதலில் கூட்டச் சொல்லுங்கள்: 1/2 + 1/8 = 5/8, தலைகீழி 8/5. 3/4 × 8/5 = 24/20 = 6/5. மீ.சி.ம வழியில் என்றால் எல்லாவற்றையும் 8-ஆல் பெருக்கி, மேலே 8 − 2 = 6, கீழே 4 + 1 = 5. அந்த 1 மேலே 8 ஆக மாறியதை மட்டும் ஒரு முறை சுட்டிக்காட்டிவிடுங்கள்.